சானடோரியம் முதல் சேத்துப்பட்டு வரை

வண்டலூர் நிலையத்தில் காலை மின்சார ரயிலைப் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறவர்களில் நானும் ஒருவன். பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டியதும் வருகிற நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயர்ப் பலகையை நாள்தோறும் பார்த்தும், அது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அங்கிருந்து பன்னிரண்டாவது நிறுத்தம் சேத்துப்பட்டு. இவ்விரண்டு நிறுத்தங்களுக்கும் இடையே ஒரு பெரிய வழக்கு நடந்து முடிந்திருக்கிறது என்பதும், அதன் தீர்ப்பு எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறது என்பதும் அண்மையில்தான் எனக்குத் தெரிய வந்தன.

எங்கள் பெரியப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது வீட்டில் முதலில் நடந்த காரியம், அவருடைய தட்டும் டம்ளரும் தனியே பிரிக்கப்பட்டதுதான். பிரித்தவர் எங்கள் ஆயா. அடுத்தபடியாக, ‘எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்’ என்று பிடிவாதம் பிடித்தார். ஆயாவைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய அக்காள் ஒருவர், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, இதே நோயால் மாட்டுக்கொட்டகையை அடுத்த ஒரு சார்ப்பில் தனியே கிடந்து இருபத்து நான்கு வயதில் இறந்தார். சானடோரியத்தில் இடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்பது ஆயா இன்றும் சொல்கிற வார்த்தை.

பெரியப்பாவுக்கு மருந்து தொடங்கிய வாரத்தில் செவிலியர் ஒருவர் வீடு தேடி வந்தார். தனியே கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆயா, தட்டு டம்ளர்ல எல்லாம் இது ஒட்டாது. இருமும்போது வாயைத் துணியால மூடிக்கணும். ஜன்னலைத் திறந்து வையுங்க. மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது. வீட்டிலேயே இருந்து குணமாயிடுவாரு.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று ஆயா கேட்டார்.

“எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அப்படித்தான் ஆயா.”

செவிலியர் போன பிறகும் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. சொல்லிக் கொடுத்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒரு நோயாளியைப் பிள்ளைகள் விளையாடும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கலாம் என்று யார், எதைக் கண்டு துணிந்தார்கள்? புள்ளியியல் மாணவன் என்ற முறையில் விடை தேடப் புகுந்தேன். தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சானடோரியத்தின் கதை. டேவிட் சவுரி முத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். நம் கணித மேதை இராமானுசன் 1917ஆம் ஆண்டில் அங்கே சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். (இராமானுசனுக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் அவருடைய நோய்க்குறிப்புகளை அலசி எழுதினார். நம்பிக்கைக்கும் சான்றுக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட வருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா?) தாயகம் திரும்பிய சவுரி முத்து 1928ஆம் ஆண்டில், அன்று காடும் குன்றுமாகக் கிடந்த தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் பொறுப்பில் வந்தது.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. தூய காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என ஊட்டமான உணவு, இவைதாம் சிகிச்சை. நோயாளி எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், எத்தனை அடி நடக்கலாம், சாளரம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. நாள்தோறும் உடல்வெப்பம் பார்த்து எழுதுவதும், எழுந்து நடமாட முயலும் இளைஞர்களை மறுபடி படுக்க வைப்பதும் செவிலியரின் வேலை. அந்த மருத்துவர்களையும் செவிலியரையும் இன்று எள்ளுவது எளிது. ஆனால் அவர்கள் கையில் வேறொன்றும் இருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. சானடோரியத்துக்குப் போனவர்களில் சிலர் குணமடைந்து திரும்பினார்கள். கண் முன்னால் ஒருவர் எழுந்து நடந்து வந்தால், அந்த இடமே அவரை எழுப்பியது என்று நம்பத்தானே தோன்றும்?

தவறு நுழைகிற வாசல் இதுதான். நம் கல்லூரியிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு வந்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெற்றி வகுப்பினால் வந்ததா? அல்லது, மாலையில் வேலைக்கு ஓட வேண்டிய தேவை இல்லாதவர்களும், ஏற்கனவே படிப்பில் நாட்டம் உள்ளவர்களுமே அந்த வகுப்புக்கு வந்தார்களா? வந்தவரையும் வராதவரையும் அப்படியே ஒப்பிட்டால் விடை கிடைக்காது. சானடோரியத்துக்கும் இது பொருந்தும். அங்கே போக முடிந்தவர் வசதியுள்ளவராக இருக்கலாம். நோய் தொடக்கநிலையில் இருந்தவராக இருக்கலாம். போகாமலே இருந்தாலும் பிழைத்திருக்கக்கூடியவராகவும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி காசநோய் ஆய்வின் மூலமாகவே மருத்துவ உலகில் நிலைபெற்றது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்த காலம். பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்தோ மிகக் கொஞ்சம். எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்ற நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்தார்கள். இதற்குத் திட்டம் வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியலார். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தப் பிரிவு என்பது மூடிய உறைகளுக்குள் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களுக்கும் அது தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று.

சீட்டுக் குலுக்குவதில் அப்படி என்ன மேன்மை என்று கேட்கலாம். மருத்துவரின் இரக்கமும், நோயாளியின் செல்வாக்கும், யாருடைய சிபாரிசும் சீட்டினுள் நுழைய முடியாது என்பதே அதன் மேன்மை. ஏழையும் பணக்காரரும், நோய் முற்றியவரும் முற்றாதவரும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் போய்ச் சேருவர். அதன்பின் இரு பக்கத்துக்கும் இடையே தோன்றும் வேற்றுமைக்குச் சிகிச்சையைத் தவிர வேறு காரணம் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. நம் துறை வகுப்பில் கரும்பலகையில் வரும் சமவாய்ப்பு மாறிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இனிச் சேத்துப்பட்டுக்கு வருவோம். 1950களில் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் மருந்துகளும் வந்துவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பில், காசநோய் நகரத்துச் சந்துகளின் நோய் மட்டுமன்று, கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் பரவியிருக்கிறது என்பது தெரிந்தது. இத்தனை பேருக்கும் படுக்கை எங்கே? எத்தனை தாம்பரங்களைக் கட்ட முடியும்? கட்டி முடிக்கும் வரை இவர்கள் உயிரோடு இருப்பார்களா? மருந்தை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

இந்தக் கடைசி வினா அக்காலத்தில் மிகத் துணிச்சலானது. நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஓய்வு என்பதையே அறியாத ஓர் ஏழைக்கு மருந்து மட்டும் வேலை செய்யுமா? அவர் தம் பிள்ளைகளுக்கு நோயைப் பரப்பிவிட மாட்டாரா? படித்த மருத்துவர்களுள் பெரும்பாலோர்க்கு இதில் ஐயம் இருந்தது; அந்த ஐயத்தில் நியாயமும் இருந்தது. 1956ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்து முன்னின்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சென்னை நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதிக்குச் சானடோரியம். மறு பாதிக்கு அவரவர் வீடு. இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல காற்று, ஓய்வு, நிறைந்த உணவு, செவிலியரின் கண்காணிப்பு யாவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. மற்றவை வழக்கம் போல.

‘வீட்டுக்கு அனுப்பினார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த வரிக்குள் செவிலியர்களின் கால்நடை அடங்கியிருக்கிறது. நோயாளி குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார். வராவிட்டால் ஆள் தேடிக்கொண்டு போகும். வந்தாலும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மீதி மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரை வாங்கிச் சோதிப்பார்கள், பி.ஏ.எஸ். உட்கொண்டவரின் சிறுநீரில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நிறம் மாறும். இது நோயாளியை வேவு பார்ப்பது போலத் தோன்றலாம். ஆனால் மருந்து பலிக்கவில்லையா, மருந்தே உள்ளே போகவில்லையா என்று பிரித்தறியாவிட்டால் அந்த ஆய்வு முழுவதும் வீணாகியிருக்கும். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் வள்ளுவர். அந்த நான்காமவரை நாம் மருந்து எடுத்துக் கொடுக்கும் கை என்ற அளவிலேயே நினைக்கிறோம். சென்னை ஆய்விலோ அவர் சான்றைத் திரட்டியவரும் ஆவார்.

முடிவு 1959ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தின் பக்கம் இருந்த கூடுதல் சிறிதே. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது அந்தச் சிறு வேற்றுமையும் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மை; ஆனால் அந்த எடையினால் நோய் தீர்வதில் பெரிய ஆதாயம் காணப்படவில்லை. வீட்டைப் பிரிந்திருக்க முடியாமல் சிலர் சானடோரியத்திலிருந்து இடையிலேயே வெளியேறியதும் உண்டு. அதைப் படித்தபோது, குடும்பத்தின் ஒரே உழைப்பாளி ஓராண்டு படுத்துக் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது.

பிள்ளைகளின் நிலை என்ன? இதைத் தனியே ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார்கள். அதை எழுதியவர்களில் ஃபாக்ஸோடு தேவதத்தா, ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு என நம்மவர் பெயர்களும் உள்ளன. நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிடக் கூடுதலானோருக்கு நோய் வரவில்லை. காரணம், கேட்ட பின் எளிதாகத் தோன்றுகிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, மாதக்கணக்கில் இருமிக்கொண்டு எல்லோரோடும் கலந்து இருந்த காலத்தில்தான் பெரும்பாலும் தொற்று நேர்கிறது. தக்க மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது. நோய் தெரிந்த பின் தட்டைப் பிரிப்பது வெள்ளம் வடிந்த பின் கரை கட்டுவது போன்றது. அதிலும் தட்டின் வழியே இந்த நோய் பரவுவதும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியரின் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. ஆயாவின் அக்காளுக்கு அன்று கிடைக்காமற் போனது படுக்கை என்றே இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நினைத்து வந்தோம். உண்மையில் கிடைக்காமற் போனது மருந்து.

1962இல் நாடு தழுவிய காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டபோது வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்பதே அதன் அடிப்படையாயிற்று. உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தாம்பரத்தில் இருந்தது மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து, 1990களிலிருந்து, பிற இடங்களில் ஒதுக்கப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இவ்வாறு ஆய்வின் வழியே சிகிச்சையை வகுப்பதற்குச் ‘சான்று சார்ந்த மருத்துவம்’ என்னும் பெயர் 1990களின் தொடக்கத்தில், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து பரவியது. பெயர் பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே காரியம் நம் ரயில் பாதையின் ஓரத்தில் நடந்துவிட்டது.

ஆனால் கதை இத்துடன் நேர்கோடாகப் போகவில்லை. மருந்தை வீட்டில் கொடுத்தனுப்பினால், உடல் சற்றுத் தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைச் சிறுநீர்ச் சோதனைகளே காட்டிக் கொடுத்தன. நாள்தோறும் ஆள் வைத்து விழுங்கச் செய்ய முடியுமா? வாரத்துக்கு இருமுறை மட்டும், செவிலியரின் கண் முன்னால் கொடுத்தால் போதுமா என்று சேத்துப்பட்டில் சோதித்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வில், கண்காணிப்போடு வாரம் இருமுறை தந்த சிகிச்சை, நாள்தோறும் வீட்டில் தாமே உட்கொண்டதற்குக் குறைந்ததாக இல்லை. கண் முன்னால் மருந்து விழுங்கச் செய்யும் முறையை 1990களில் உலக சுகாதார நிறுவனம் எங்கும் பரப்பியபோது, அதன் வேர்களுள் ஒன்று இங்கே இருந்தது. 1997இல் தொடங்கிய இந்தியாவின் திருத்திய காசநோய்த் திட்டம் வாரம் மும்முறை மருந்து என்று வைத்துக்கொண்டது.

பிறகு அதே சேத்துப்பட்டு நிறுவனம், எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் சேர்ந்திருப்பவர்களிடம் நாள்தோறும் மருந்து, விட்டு விட்டு மருந்து என இரண்டையும் ஒப்பிட்டது. நாள்தோறும் தருவதே மேல் என்று தெரிந்தது. பிற நாடுகளின் ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 2017 முதல் நாடு நாள்தோறும் மருந்து என்னும் முறைக்கு மாறியது. தான் உலகுக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தானே திருத்திக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம்மில் ஒருவர் ஒரு பட்டிமன்றத்தில் பேசிய பேச்சை மறு ஆண்டு மாற்றிப் பேசுவதற்கே எவ்வளவு தயங்குகிறோம்.

வண்டலூர்க்காரன் என்ற முறையில் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. வண்டலூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 1968 முதல் 1971 வரை, பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதி அது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் இதே தடுப்பூசி பெரும் பாதுகாப்பைத் தந்திருந்தது. எனவே இங்கும் வெற்றியையே எதிர்பார்த்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது பயன் தரவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதி செய்தது.

அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே உள்ள, காசநோய்க் கிருமியின் உறவான வேறு கிருமிகள் மக்களின் உடலில் முன்பே பழகியிருப்பதால் தடுப்பூசியின் வேலை மறைந்துபோகிறது என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பச்சிளங்குழந்தைகளுக்கு அதே ஊசி இன்றும் போடப்படுகிறது. மூளையுறையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அவர்களை அது காக்கிறது என்பதற்குத் தனிச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் மெய்யானது திருவள்ளூரில் மெய்யாகவில்லை. பெரியவர்க்குப் பலிக்காதது குழந்தைக்குப் பலிக்கிறது. அப்படியானால் சென்னையில் 193 பேரிடம் கண்டதை மட்டும் எப்படி உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளலாம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பிற இடங்களிலும் வீட்டுச் சிகிச்சையை நடத்திப் பார்த்து, அங்கும் அப்படியே நின்றதால்தான் ஏற்றார்கள். ஓர் ஆய்வு கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் பார்ப்பதற்கு வேறு பலர் வேண்டும்.

உணவைப் பற்றிய முடிவுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. சென்னை ஆய்வைப் பாதி படித்தவர்கள், ‘காசநோய்க்கு மருந்து போதும், சோறு முக்கியமன்று’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆய்வு கேட்ட வினா அதுவன்று. மருந்து சரியாக உட்கொள்பவருக்கு நோய் அடங்க, சானடோரிய உணவு இன்றியமையாததா என்பதே வினா. மெலிந்து எலும்புந்தோலுமாக வருகிறவர் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகிறாரே, அவரைப் பற்றி என்ன? வீட்டில் நோயில்லாமல் இருக்கும் மற்றவர்களின் பசியைப் பற்றி என்ன? இவை வேறு வினாக்கள். இவற்றுள் இரண்டாவதற்கு 2023ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து விடை வந்தது. நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் அடங்குவர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. அறுபதாண்டுகளுக்கு முன் சானடோரியத்துப் பால் முட்டைக்குக் கிடைக்காத பெருமை, வீட்டுப் பானையில் வெந்த அரிசிக்கும் பருப்புக்கும் கிடைத்திருக்கிறது!

முதல் வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி நடக்கிறது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்ற பெயரில் 2022இல் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்தது, அதன் எளிமை. நோய் உறுதியானவுடன் செவிலியரோ பிற பணியாளரோ சில அளவுகளை எடுக்கிறார்கள். எடையும் உயரமும்; காலில் வீக்கம் உண்டா; நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்; விரல் நுனியில் மாட்டும் சிறு கருவியில் ஆக்சிஜன் அளவு; பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மூச்சு 24ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே இருந்தாலோ, உடல் மிக மெலிந்திருந்தாலோ, நிற்க முடியாவிட்டாலோ, அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. எடை பார்க்கும் எந்திரமும் ஒரு கைக்கடிகாரமும் பாதி வேலையை முடித்துவிடும்.

கவனித்தீர்களா? சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்த சிகிச்சை, தேவைப்படுபவருக்கு மட்டும் மறுபடி படுக்கையைத் தேடுகிறது. எல்லோருக்கும் படுக்கை என்றது பழைய நம்பிக்கை. எவருக்கும் படுக்கை வேண்டாம் என்பது சென்னை ஆய்வை மேலெழுந்தவாரியாகப் படித்ததால் வரும் புதிய நம்பிக்கை. யாருக்குப் படுக்கை என்று அளந்து பார்த்துச் சொல்வதே இப்போதைய நிலை. அந்த அளவை எடுப்பவர் பெரும்பாலும் பெயர் தெரியாத ஒரு செவிலியர். அவர் மூச்சை எண்ணாமல், தோராயமாக ‘இருபது’ என்று எழுதிவிட்டால் அத்தனை ஆய்வும் அந்தக் கட்டத்தில் இறந்துவிடும். ஒரு செவிலியருக்கு நாற்பது வேலை இருக்கிற இடத்தில் முழு நிமிடம் நின்று மூச்சை எண்ணுவது எளிதன்று. அவர்களுக்கு அந்த ஒரு நிமிடத்தைத் தருவது யார் பொறுப்பு என்பதை நம் அரசியல் அறிவியல் துறை நண்பர்கள் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்த அளவுகள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. வீட்டிலிருந்தே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். நான்காம் மாதத்தில், ‘அதான் இருமல் நின்னுபோச்சே’ என்று நிறுத்தப் பார்த்தார். செவிலியரிடம் சொல்லிவிடுவேன் என்று ஆயாதான் மிரட்டினார். அவருடைய இருமலும் நின்றது, எடையும் ஏழு கிலோ கூடியது. அந்தச் செவிலியர் வீட்டிலுள்ள எல்லோரையும் சோதனைக்கு அழைத்தபோது முதல் ஆளாகச் சேலையைத் திருத்திக்கொண்டு கிளம்பியவரும் ஆயாவே. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் மூச்சை அடக்கச் சொன்னதும், ‘எவ்வளவு நேரம்’ என்று பேசிவிட்டதால் இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

பிரித்து வைத்த அந்த டம்ளர் இப்போது எங்கள் வீட்டில் அரிசி அளக்கப் பயன்படுகிறது.